கார்டுக்கு நூறடிக் கயிறு

காய்ச்சல் கண்ட வீடுகளெல்லாம் தரையை விட்டு எழும்பிய அந்த வருஷத்தில், மஞ்சநேரியில் முதலில் எழும்பியது தபால்காரர் அருணாசலத்தின் ஓட்டு வீடு. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் இருமிக்கொண்டே பின்வாசலுக்கு வந்து, பல் தேய்க்க இறங்கலாம் என்று காலை நீட்டினார். படி அதன் இடத்திலேயேதான் இருந்தது, வீடுதான் ஒரு முழம் மேலே போயிருந்தது. உள்ளே போய் மனைவியிடம் சொன்னார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, பால்காரன் வரும்போது சொம்பை எட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் அவருக்குக் காய்ச்சல் ஏற ஏற வீடும் ஏறியது. சாயங்காலம் வீட்டின் அடிப்பக்கம் தெருவிலிருந்தே தெரிந்தது. அஸ்திவாரக் கல்லெல்லாம் ஒன்று குறையாமல் கூடவே போயிருந்தது, கீழே வீட்டளவுக்கு ஒரு சதுரக் குழிதான் மிச்சம், அதில் இரண்டு தவளைகள் அதற்குள்ளாகவே குடிவந்திருந்தன.

நாடு முழுக்க அப்படித்தான் இருந்தது. முதல் வாரம் அரசாங்கம், வீடுகள் எழும்புவதாகப் பரவும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம் என்று அறிவித்தது. இரண்டாம் வாரம் சுகாதார மந்திரியின் பங்களாவே எழும்பிவிட, அவர் மாடியின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற நிருபர்களிடம், இது இன்ஃபுளுவென்சா, இருமலாலும் தும்மலாலும் பரவுகிறது, ஆகவே வீடு மேலே போனவர்கள் மேலேயே இருக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் கீழேயே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூன்றாம் வாரம் கணக்கு வந்தது. காய்ச்சல் ஒரு டிகிரி கூடினால் வீடு இருபது அடி ஏறும். கட்டாமல் விட்டால் காற்று போகிற பக்கம் போகும். கட்டிப் போட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் ரேஷன் கடைகளில் கார்டுக்கு நூறடித் தேங்காய் நார்க் கயிறு கொடுக்க உத்தரவானது. மின்வாரியத்து ஆட்கள் தெருத் தெருவாகப் போய் ஒயர்களை நீட்டிவிட்டார்கள். ரேடியோவில் வானிலைக்குப் பிறகு மாவட்ட வாரியாக அன்றைய உயரத்தை வாசித்தார்கள். ஒரு பெரிய ஊரில் நோயாளிகளையெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஆஸ்பத்திரியே எழும்பிவிட்டது, பிறகு யாரும் அப்படிச் சேர்க்கவில்லை, அந்தந்த வீட்டுக்கே வைத்தியம் ஏறிப் போயிற்று. இதில் ஒரு நல்லதும் இருந்தது. எந்த ஊரும் நோயை மறைக்க முடியவில்லை. கலெக்டர் ஆபீஸ் மொட்டைமாடியில் நின்று பார்த்தால் எந்தத் திசையில் எத்தனை வீடு, எவ்வளவு உயரம் என்று தெரியும். உயரம் அதிகமான பக்கம் மருந்து முதலில் போனது.

இறங்குவதற்கும் ஒரு முறை இருந்தது. காய்ச்சல் தணிந்தவர்களின் வீடு இலை விழுகிற மாதிரி இப்படியும் அப்படியும் ஆடி ஆடி இறங்கும். யாராவது இறந்துபோனால் அந்த வீடு ஆடாது, அசையாது, கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராக இறங்கி, எழும்பிய குழிக்குள்ளேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். மஞ்சநேரியில் அப்படி நாலு வீடுகள் இறங்கின. அதில் ஒன்று அருணாசலத்தின் வீடு. அன்று தெருவில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். அதிலிருந்து எந்த வீடு இறங்கினாலும் ஊர் செய்கிற வேலையை விட்டுவிட்டு அது ஆடுகிறதா என்று பார்த்தது.

அந்த ஊரில் இந்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கியவர் கிராம சுகாதார நர்ஸ் ஜெயசீலி. நாற்பத்திநாலு வயது. பதினோரு வருஷமாக அங்கே வேலை. அரசாங்கம் அவருக்குக் கட்டிக் கொடுத்த குவார்ட்டர்ஸ் ஊருக்குள் இல்லை, சுடுகாட்டுக்கும் அப்பால் குளக்கரையில் இருந்தது. மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்ததால் தனியாகத்தான் இருந்தார். உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். முதல் நாள் அருணாசலத்தின் வீட்டுக்கு ஏணியில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். அதற்குப் பிறகு ஏணி பத்தாமல் போனதும் கிணறு வெட்டுகிற பேச்சிமுத்துவைத் தேடி கீழக்காலனிக்கு வந்தார்.

பேச்சிமுத்துவிடம் ஒரு பழைய கிரேன் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கிரேனால் மண்ணையும் பாறையையும் ஆட்களையும் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றியவர் அவர். இந்தத் தடவை மேலே ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான். கிரேனை ஒரு டிராக்டர் டிரெய்லரில் பூட்டினார். தரையிலிருந்து கம்பியை மேலே கொண்டுபோய் அந்தந்த வீட்டு வாசல் நிலையில் ஒரு கப்பியை மாட்டினால், கூடையில் மருந்தும் கஞ்சியும் நர்சும் ஏறலாம். பேச்சிமுத்துவுக்கும் அவர் மனைவி மாடத்திக்கும் முதல் வாரமே காய்ச்சல் வந்து தீர்ந்திருந்தது. தீர்ந்தவர்களுக்கு மறுபடி வராது என்று தெரிந்த பிறகு, தீர்ந்தவர்கள்தான் எல்லா வீட்டுக்கும் ஏறினார்கள். வடக்குத் தெரு வீடுகளுக்குள் காலனி ஆட்கள் ஜன்னல் வழியாகப் போய் வந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காய்ச்சலில் கிடப்பவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிதாக இருந்தது.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் காலையில் ஆடு பத்திக்கொண்டு குளக்கரைப் பக்கம் போன மாடத்தி, பாதியிலேயே திரும்பி வந்து புருஷனிடம் சொன்னாள்.

"நர்சம்மா வீடு மேல நிக்குது. கயிறு ங்ங்னு சத்தம் போடுது. வீடு இன்னும் மேல போகப் பாக்குது, கயிறு விடமாட்டேங்குது."

நூறடிக் கயிறு நூற்று மூன்றரை டிகிரி வரைக்கும்தான் தாங்கும். பேச்சிமுத்து ஓடிப்போய் பார்த்தபோது வேப்பமரத்தில் கட்டியிருந்த இடத்தில் ஒரு பிரி அறுந்து தொங்கியது. மூன்று பிரியில் மிச்சம் இரண்டு. ஊருக்கான மருந்துப் பெட்டியும் அந்த வீட்டுக்குள்தான் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரிந்தது, அது அசையவில்லை.

பேச்சிமுத்து கயிற்றை எட்டிப் பிடித்துத் தொங்கினார். சத்தம் கொஞ்சம் அடங்கியது.

"ஆள் தொங்குனா அடியில இழுவை கொறையும்," என்றார். "காச்ச தீந்தவங்க எத்தன பேரு இருக்கோம், எல்லாரையும் வரச் சொல்லு. நான் வேற கயிறு கொண்டு வார வரைக்கும் தொங்கணும்."

அப்படித்தான் அன்று மஞ்சநேரியின் காய்ச்சல் தீர்ந்தவர்கள் எல்லோரும் குளக்கரைக்கு வந்தார்கள். பலசரக்குக் கடைக்காரரும் வந்தார், ரேஷன் கடையில் எடை போடுகிறவரும் வந்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வடக்குத் தெருப் பெண்கள் நாலு பேரும், காலனிப் பெண்கள் ஆறு பேரும், அருணாசலத்தின் மனைவியும் வந்தார்கள். ஒரு நேரத்தில் எட்டுப் பேர் தொங்கினார்கள், கை வலித்து ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறினார். அப்படி ஒருவர் காலுக்குக் கீழே இன்னொருவர் தலையாக, புளியமரத்தில் காய் தொங்குகிற மாதிரி அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டே காய்கறி விலையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்பதையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊரில் வேறு கயிறு இல்லை. ரேஷன் கடைக்கு வந்ததே பாதிக் கார்டுக்குத்தான். ஒரு வீடு இறங்கினால் அதன் கயிறு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், அன்று எல்லாக் கயிறும் ஆகாயத்தில் இருந்தது. கிரேனின் கம்பி ஒன்றுதான் மிச்சம், அது கூடை ஏற்ற வேண்டும். கயிறு மிச்சமாக இருந்த இடம் ஒரே ஒரு இடம். வடக்குத் தெருவில் அரிசி மில் வைத்திருந்த சங்கரபாண்டியனின் மாடி வீடு முப்பதடி உயரத்தில் எட்டுக் கயிற்றில் நின்றது. மில்லில் மூட்டை கட்ட வைத்திருந்த வடக்கயிறுகள். அப்பா கட்டிய வீடு திசை மாறிவிடக் கூடாது என்று, தும்மல் வந்த அன்றே எட்டுப் பக்கமும் கட்டச் சொல்லிவிட்டார்.

பேச்சிமுத்து கீழே நின்று கூப்பிட்டார். சங்கரபாண்டியன் போர்வையைப் போர்த்திக்கொண்டு முன்வாசலில் வந்து நின்றார். அவர் மனைவி வடிவு பின்னால் நின்றாள்.

"மொதலாளி, கயிறு வேணும். நர்சம்மா வீடு கை விட்டுப் போகப் போகுது."

"எத்தன?"

"எட்டும்."

"ரெண்டு எடுத்துக்கோ."

"ரெண்டு பத்தாது மொதலாளி. நீளத்துக்கு ரெண்ட முடியணும், பலத்துக்கு நாலா முறுக்கணும். எட்டும் வேணும்."

"எட்டையும் குடுத்துட்டா என் வீடு எங்க போகும்?"

"காத்து போற பக்கம். மேகாத்துதான அடிக்கி. கெழக்க போகும்."

கிழக்கே வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் காலனி. இது மூன்று பேருக்கும் தெரியும். சங்கரபாண்டியன் இருமினார். அவர் கெட்டவர் இல்லை, மில்லில் யாரையும் வையமாட்டார், ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே வாசலில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்.

வடிவு கேட்டாள்: "அவங்களுக்கு மேல தண்ணி குடுக்க ஆளு இருக்கா?"

"இல்லம்மா. ஒத்தையில கெடக்காங்க."

போன வாரம் சங்கரபாண்டியனுக்கு நூற்று மூன்று ஏறி வீடு இன்னும் உயரமாக நின்றபோது, ஜெயசீலி காலையும் மாலையும் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் ஏறி வந்து, ஈரத்துணியால் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டுப் போனதை வடிவு யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை. முன்வாசல் தூணில் இருந்த முதல் முடிச்சின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வடிவு, யோசிச்சு செய்யி," என்றார் அவர்.

"யோசிச்சுக்கிட்டுதான் அவுக்கேன்."

முடிச்சுகள் இறுகியிருந்தன. நாலாவது முடிச்சில் அவள் நகம் ஒடிந்தது. ஐந்தாவதிலிருந்து சங்கரபாண்டியன் போர்வையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபக்கத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். கடைசிக் கயிறு விழுந்ததும் வீடு ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி லேசாகக் குலுங்கி, மாடு மேய்கிற வேகத்தில் கிழக்கே நகர்ந்தது. வடிவு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தான் பதினெட்டு வருஷமாக ஜன்னல் வழியாகவே பார்த்த தெருவை மேலிருந்து பார்த்துக்கொண்டே போனாள்.

குளக்கரையில் தொங்கிக்கொண்டிருந்தவர்களின் தோள்மேலும் தலைமேலும் கால் வைத்து, வடக்குத் தெருக்காரர்களும் தோளைக் கொடுக்க, பேச்சிமுத்து அந்த நைந்த கயிற்றிலேயே ஏறினார். இடுப்பில் ஒரு சணல் நூல் கட்டியிருந்தார். நூலால் வடத்தை இழுத்தார், வடத்தை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு வாசல் வழியாக வெளியே எடுத்து வீட்டையே சுற்றிக் கட்டினார், நிலையில் கப்பியை மாட்டினார். கீழே வடத்தை மூன்று மரத்தில் கட்டி முடித்தபோது பழைய கயிறு பட்டென்று அறுந்தது. தொங்கிக்கொண்டிருந்த எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் மணலில் விழுந்தார்கள். யாருக்கும் அடியில்லை. வீடு பத்தடி துள்ளி வடத்தில் நின்றது.

முதல் கூடையில் மாடத்தி ஏறினாள். ஜெயசீலி ஜன்னலோரத் தரையில் கிடந்தார். நூற்று ஐந்து. மாடத்தி அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, துணியை நனைத்து நெற்றியிலிருந்து பாதம் வரை துடைத்தாள், காய்ந்ததும் மறுபடி நனைத்தாள், கரண்டி கரண்டியாக உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுத்தாள். மத்தியானம் மருந்துப் பெட்டி கூடையில் கீழே வந்தது. எந்த மாத்திரை யாருக்கு என்று ஜெயசீலி கண் விழித்த போதெல்லாம் இரண்டு பெயர் மூன்று பெயராகச் சொன்னார், மாடத்தி அதை மேலிருந்து கத்தினாள், கீழே பலசரக்குக் கடைக்காரர் எழுதிக்கொண்டார்.

"மதினி, எனக்கு என்னவும் ஆச்சுன்னா மகளுக்குத் தகவல் சொல்லணும்," என்றார் ஜெயசீலி இரண்டாம் நாள்.

"சொல்லுதேன். இப்ப வாயத் தொறங்க, கஞ்சி ஆறுது."

நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு வடம் தொய்ந்தது. வீடு இறங்குகிறது என்று யாரோ சொல்ல, மில் நின்றது, கடை நின்றது, ஆகாயத்திலிருந்த வீடுகளின் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள் வந்தன. முதல் ஐந்தடி வீடு நேராகத்தான் இறங்கியது. அருணாசலத்தின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தெற்குப் பக்கமாக ஒரு சாய்வு. பிறகு வடக்குப் பக்கமாக. வீடு ஆடியது, தொட்டில் மாதிரி ஆடி ஆடி இறங்கியது, ஜன்னலில் மாடத்தி ஈரத்துணியைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

இருபதடி உயரத்துக்கு வந்ததும் பேச்சிமுத்து கூப்பிட்டுக் கேட்டார்: "நர்சம்மா, வடம் நம்ம கையில இருக்கு. எங்க எறக்கட்டும்?"

பதினோரு வருஷத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"பஸ் ஸ்டாப் பக்கத்துல," என்றது மெலிந்த குரல்.

அறுபது பேர் வடத்தைப் பிடித்து, குளக்கரையிலிருந்து சுடுகாட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கும் டீக்கடைக்கும் நடுவே இருந்த இடத்துக்கு அந்த வீட்டை இழுத்து வந்து இறக்கினார்கள். அரசாங்கக் கட்டடம் அனுமதியில்லாமல் இடம் மாறியதற்கு விளக்கம் கேட்டு அடுத்த மாதம் கடிதம் வந்தது. ஜெயசீலி ஒரே வார்த்தையில் காய்ச்சல் என்று எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

சங்கரபாண்டியனின் வீடு இதற்கு முன்பே இறங்கியிருந்தது. கயிறு அவிழ்த்த மறுநாள் அவருக்குக் காய்ச்சல் விட்டது, வீடு காலனியில் புளி காயப்போடுகிற களத்துக்கு மேலே நின்று ஆட ஆரம்பித்தது. காலனிக்காரர்கள் அவசர அவசரமாகப் புளியை அள்ளினார்கள். பேச்சிமுத்து வீட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, பேச்சிமுத்து வாசலைப் பார்த்தபடி வீடு உட்கார்ந்தது. குழி இல்லாததால் அஸ்திவாரத்தோடு மூன்றடி உயரத்தில் வாசல் நின்றது. செண்பகம் என்ற பக்கத்து வீட்டுப் பெண் தன் உரலைக் கவிழ்த்துப் போட்டு, "எறங்குங்கக்கா," என்றாள். வடிவு இறங்கினாள்.

சங்கரபாண்டியன் இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. வடிவு செண்பகத்தோடு புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. அவரே குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார். யாரும் அவருக்கு வழிவிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முன்னால் நின்றவர், "கொடத்த வைங்க, ஏழு கொடத்துக்கு அப்புறம் உங்களுது," என்றார். அவர் வைத்தார். ஏழு குடம் நிறைகிற வரைக்கும் நின்றார். அந்த நேரத்தில், தன் மில் தவிட்டை வாங்கி விற்கிற ஆள் எடையில் ஏமாற்றுகிறான் என்பதையும், பேச்சிமுத்து மூன்று ஊரில் வெட்டிய கிணறுகளில் எதில் இனிப்புத் தண்ணீர் என்பதையும் தெரிந்துகொண்டார்.

ஐப்பசியில் காய்ச்சல் நாட்டை விட்டுப் போனது. கடைசி வீடு எங்கோ வடக்கே இறங்கியதாக ரேடியோவில் சொன்னார்கள். நாடு முழுக்க லட்சக்கணக்கான வீடுகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. அரசாங்கம் ரொம்பவும் யோசித்து, எந்த வீடு எங்கே இறங்கியதோ அதுவே அதன் விலாசம் என்று உத்தரவு போட்டது. பழைய இடத்துக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் மார்கழி முடிவதற்குள் மனுக் கொடுக்கலாம், அடுத்த காய்ச்சலின்போது தகுந்த காற்றில் அவிழ்த்துவிட ஏற்பாடு செய்யப்படும்.

சங்கரபாண்டியன் முதல் ஆளாக மனுவை வாங்கி வந்தார். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வடிவு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல ஒண்ணும் எழுதலயே."

"பழைய எடம். வேற என்ன எழுத?"

"எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுதேன்."

அவர் மறுநாள் காற்றோட்டம் என்று எழுதினார். எழுதும்போதே கிழக்கு ஜன்னல் வழியாக வந்த காற்றில் காகிதம் படபடத்தது, அடித்துவிட்டார். மில்லுக்குப் பக்கம் என்று எழுதினார். ஆனால் வாய்க்கால் கரை வழியாக மில்லுக்கு இங்கிருந்து ஐந்து நிமிஷம்தான், அதையும் அடித்தார். பழக்கம் என்று எழுதி ஒரு வாரம் அடிக்காமல் வைத்திருந்தார். அந்த வாரத்தில் சாயங்காலமானால் பேச்சிமுத்து வாசலில் போய் உட்கார்ந்து தாயம் ஆடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டதால் அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

மார்கழி கடைசி நாளில் தாலுகா ஆபீசிலிருந்து கிளார்க் வீடு வீடாக மனுக்களை வாங்க வந்தார். வாசலில் இப்போது மூன்று படி கட்டியிருந்தது, சிமெண்டு இன்னும் சரியாகக் காயவில்லை. கிளார்க் ஓரமாகக் கால் வைத்து ஏறினார். உள்ளே வடிவும் மாடத்தியும் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. சங்கரபாண்டியன் மனுவை நீட்டினார். கட்டம் முழுக்க அடித்தலாக இருந்தது.

"என்னய்யா இது, காரணமே இல்லையே," என்றார் கிளார்க்.

"தேடிப் பாத்தேன். கெடைக்கல."

"அப்ப நான் ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுத?"

சங்கரபாண்டியன் மனுவைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார்.

"இருக்கோம்னு எழுதுங்க," என்றார்.

கிளார்க் பேனாவை உதறி, இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.